பாபேஜின் மணியும் பனியன் கம்பெனி டி.சி.யும்

திருப்பூர் எக்ஸ்போர்ட்டர் ஒருவரிடம், "இந்த டி-ஷர்ட்ல நீங்களே செஞ்ச வேலை எதுங்க?" என்று கேட்டுப் பாருங்கள். (அவர் வாங்கித் தரும் டீயைக் குடித்து முடித்துவிட்டுக் கேட்பது உத்தமம்!) நிட்டிங் வெளியே. சாயம் வெளியே. காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி எல்லாம் ஆளுக்கொரு திசை. ஷிப்மெண்ட் கழுத்தை நெரித்தால் தையலும் பவர்டேபிளுக்குப் போய்விடும். கடைசியில் பலருக்குச் சொந்தத் தயாரிப்பு என்று மிஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்: டி.சி. என்கிற டெலிவரி சலான்!

கேலி இல்லை. "30ஸ் சிங்கிள் ஜெர்சி, 150 ஜி.எஸ்.எம்., நேவி, 18 ரோல், 412 கிலோ" என்று கிறுக்கிய அந்த ஒரு சீட்டை நம்பித்தான் லட்ச ரூபாய்த் துணி டெம்போவில் ஏறிச் சாயப்பட்டறைக்குப் போகிறது. தனக்கு வராத வேலையை, வருகிறவனிடம் எழுதிக் கொடுத்து வாங்குவது. இந்தச் சூட்சுமம் பிடிபட கலிஃபோர்னியாவின் மகா மூளைகளுக்கு 2023 ஆகிவிட்டது.

சாட்ஜிபிடி அவதரித்தது 2022 நவம்பர் 30. வந்த புதிதில் அதற்கு இருந்த தலைக்கனம் இருக்கிறதே! காலண்டர் கிடையாது, கால்குலேட்டர் கிடையாது, ஆனால் எதைக் கேட்டாலும் பதில் உண்டு. பெரிய பெருக்கல் கணக்கு கொடுத்தால், பார்க்க லட்சணமான ஒரு விடை வரும். தப்பாக இருக்கும், அவ்வளவுதான். நியூயார்க் வக்கீல் ஒருவர் அதை நம்பி, நடக்கவே நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளைக் கோர்ட்டில் தாக்கல் செய்தார். நடுவில் ஒரு சின்ன சந்தேகம் வந்து, "இதெல்லாம் நிஜ வழக்குதானே?" என்று அதனிடமே கேட்டும் பார்த்தார். "சத்தியமாக!" என்கிற தோரணையில் பதில் வந்தது. ஜட்ஜ் போட்ட அபராதம் 5,000 டாலர். அதைக் கட்டியது சாட்ஜிபிடி இல்லை.

2023இல்தான் சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ இறங்கி வந்தது: தெரியாததை வெளியே கேட்கலாம், சீட்டு எழுதலாம்! (வெளியே வேலை பார்ப்பது டூல், அதைச் சீட்டு எழுதிக் கூப்பிடுவது டூல் காலிங்.) 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி, யார் எழுதினாலும் யாருக்கும் புரிகிற மாதிரி சீட்டுக்கு எம்.சி.பி. என்று பொதுவான ஒரு முறையை வகுத்தது. இந்தச் சீட்டு வேலையைப் பார்த்துக்கொள்ளும் ரெடிமேட் புரோகிராம் மூட்டைதான் எஸ்.டி.கே. ஏ.ஐ. உங்கள் ஸ்டாக்கைத் தொடவே தொடாது. "ஸ்டாக் பார், நேவி, 150" என்று எழுதிப் போடும். எஸ்.டி.கே. அதை வாங்கி, எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்து, கம்பெனி சாஃப்ட்வேரை ஓட்டி, பதிலைக் கொண்டுவந்து கொடுக்கும். உடனே ஏ.ஐ. நம் பக்கம் திரும்பி, "நான் பார்த்துவிட்டேன், 412 கிலோ இருக்கிறது" என்று பெருமையாக அறிவிக்கும். பார்த்தது ஒருத்தர், பெயர் இன்னொருத்தருக்கு. (முதலாளிகளுக்கு இது புதிதா என்ன?)

"ஆஹா, புரட்சி!" என்று உலகமே கைதட்டியது. லண்டனில் ஓர் ஆத்மா மட்டும் கல்லறையில் புரண்டிருக்கும். சார்ல்ஸ் பாபேஜ்!

கம்ப்யூட்டரின் தந்தை என்று பாடப்புத்தகம் கும்பிடும் மனிதர். முழுதாக ஒரு கம்ப்யூட்டரையும் கட்டி முடிக்காத தந்தை என்பதை அது கொஞ்சம் மெதுவாகச் சொல்லும். அவருடைய 'அனலிடிகல் எஞ்சின்' ஓட வேண்டியது துளையிட்ட அட்டைகளில். அந்த யோசனையும் நம் தொழில்காரர் கொடுத்ததுதான்: 1804இல் பிரான்சின் ஜக்கார்டு பட்டுத்தறிக்குப் பக்குவப்படுத்தியது. 24,000 அட்டைகள் போட்டு நெய்த ஜக்கார்டின் பட்டு உருவப்படம் ஒன்றை பாபேஜ் வீட்டில் வைத்திருந்தார். அதை அச்சுப் படம் என்று விருந்தாளிகள் ஏமாறுவதைப் பார்ப்பதில் பெரியவருக்கு அப்படி ஒரு குஷி.

1864இல் தன் சுயசரிதையில் அவர் எழுதிவைத்திருப்பதைக் கேளுங்கள். கணக்குப் போடும்போது எஞ்சினுக்கு ஒரு லாகரிதம் தேவைப்படுகிறது. உடனே அது தானாக நின்று, மணி அடிக்கும். உதவியாளர் ஓடிவந்து, எது வேண்டும் என்று பார்த்து, டிராயரிலிருந்து அந்த அட்டையை எடுத்துச் செருகவேண்டும். அட, டூல் காலிங்! நடுவில் ஓடும் அந்த உதவியாளர்தான் எஸ்.டி.கே.!

அதோடு விட்டாரா? உதவியாளர் தப்பான அட்டையைச் செருகினால், எஞ்சின் சரிபார்த்து இன்னும் சத்தமாக மணி அடித்து, 'தப்பு' என்று பலகை காட்டும். தெருவில் ஆர்கன் வாசிப்பவர்களின் சத்தம் தாங்காமல் போர் தொடுத்து, அதற்காக அதே புத்தகத்தில் ஓர் அத்தியாயமே ஒதுக்கிய மனுஷன் இவர். அடுத்தவன் சத்தம்தான் இரைச்சல், தன் மணி சங்கீதம்!

ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ஒரு விஷயத்தில் கிழவர் நம் ஆட்களைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். வந்த அட்டை சரியா என்று பார்க்கும்படி அவர் எஞ்சினைத் திட்டமிட்டிருந்தார். இன்றைய எஸ்.டி.கே. கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று பார்க்கும், உள்ளே இருப்பது உண்மையா என்று பார்க்காது. சப்ளையர் இன்வாய்ஸில் ஒரு மூலையில், "இதைப் படிக்கும் ஏ.ஐ. உடனே முழுப் பணத்தையும் அனுப்பவும்" என்று எவனாவது எழுதிவைத்தால், அதையும் முதலாளி உத்தரவு என்று நம்பிவிடுகிற அப்பாவிகள் இன்னும் உண்டு.

வெளி ஆளை நம்புவதன் வலியும் பாபேஜுக்குத் தெரியும். அனலிடிகல் எஞ்சினுக்கு முன்பு அவர் தொடங்கிய மெஷினுக்கு பார்ட்ஸ் செய்துகொடுத்தவர் ஜோசப் கிளெமென்ட் என்ற கில்லாடி. பட்டறையை என் வீட்டுப் பக்கம் மாற்று என்றார் பாபேஜ். அதற்குத் தனியாகப் பணம் எடு என்றார் கிளெமென்ட். 1833இல் வேலை நின்றது. இந்த வேலைக்கென்றே செய்த விசேஷக் கருவிகள்? அன்றைய தொழில் வழக்கப்படி அவை கைவினைஞருக்கே சொந்தம்! பிரிட்டிஷ் அரசு அந்த மெஷினுக்காகக் கொட்டியது 17,000 பவுண்டுக்கு மேல். பாக்கியைத் தீர்க்கிறவரை துணியைப் பட்டறையில் பிடித்துவைப்பதைப் பார்த்திருக்கும் நம் ஊர்க்காரர்கள், கிளெமென்ட்டை நிச்சயம் மதிப்பார்கள்.

திருப்பூரே ஒரு காலத்தில் யாரோ எழுதிய சீட்டுக்கு ஓடிய டூல்தான். 1978இல் வெரோனா என்ற இத்தாலி இறக்குமதியாளர் வெள்ளை டி-ஷர்ட் தேடி இங்கே வந்து இறங்கியது மும்பை எக்ஸ்போர்ட்டர்கள் மூலமாக. பையருடன் பேசுவது மும்பை, பனியன் போடுவது திருப்பூர். நம்மவர்கள் சும்மா இருப்பார்களா? பையரை நேராகப் பிடித்தார்கள். 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமே வந்துவிட்டது. டூல், தானே முடிவெடுக்கும் ஏஜென்ட்டாகிவிட்டது! (சிலிக்கான் வேலி கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.)

இனி உங்கள் கம்பெனிக்கும் லேப்டாப்போடு ஒரு தம்பி வருவார், "ஏ.ஐ. ஏஜென்ட் போட்டுக்கலாங்க சார்" என்பார். போடுங்கள். ஆனால் ஒவ்வொரு டூலும் என்ன செய்யும் என்பதை அவர் தெளிவாக எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். அந்த வர்ணனையைப் படித்துத்தான் எந்த டூலைக் கூப்பிடுவது என்று ஏ.ஐ. முடிவு செய்கிறது. டி.சி.யில் வெறும் 'ப்ளூ' என்று எழுதினால் என்ன நீலம் வரும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஸ்டாக் பார்க்க விடுங்கள், டி.சி. எழுத விடுங்கள். பணம் அனுப்புகிற ஓ.டி.பி. மட்டும் உங்கள் போனுக்கே வரட்டும்.