வேற்றுமையியல்: குன்னத்தூர் ஜெராக்ஸ் கடையை முன்வைத்து

‘கைப்பேசியிலிருந்து கணினிக்கு’ என்ற தொடரில் கம்ப்யூட்டர் அறிவுக்கு வேலையே இல்லை. சிக்கல் முழுதும் இரண்டு வேற்றுமைகளில் அடங்கியிருக்கிறது என்பது இவ்வாய்வின் துணிபு. ‘இருந்து’ ஐந்தாம் வேற்றுமைச் சொல்லுருபு. ‘கு’ நான்காவது. இவ்விரண்டுக்கும் நடுவே குன்னத்தூர் ஜெராக்ஸ் கடையில் இரண்டடி அகல மேசை ஒன்று கிடக்கிறது. இந்தப் பக்கம் என் போன், அந்தப் பக்கம் கடைத் தம்பியின் கம்ப்யூட்டர். பனியனில் பிரிண்ட் அடிக்க வேண்டிய மயில் டிசைனின் போட்டோவை அக்கரை சேர்க்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அதுவே களப்பணி.

முதலில் ஐந்தாம் வேற்றுமை. நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்று நன்னூல் இதற்குப் பொருள் கூறும். நீங்கலுக்கு மலையிலிருந்து விழும் அருவியை எடுத்துக்காட்டுவது வழக்கம். போன் விஷயத்தில் இது செல்லாது. காப்பி எடுத்தால் அருவி கீழேயும் விழும், மலையிலும் நிற்கும். ‘கட்’ செய்து ஒட்டினால்தான் நீங்கல். இதற்குக் குன்னத்தூரே சான்று. ஈரோடு மாவட்டத்தில் இருந்த ஊர், 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது இங்கே கொண்டுவந்து ஒட்டப்பட்டது. ஈரோட்டில் பிரதி மிச்சமில்லை. (எங்கள் வீட்டுப் பத்திரங்களில் மட்டும் பழைய ஃபோல்டர் பெயர் இன்னும் இருக்கிறது.)

நான்காம் வேற்றுமைக்குக் கொடை முதலாகப் பல பொருள். கொடைக்கு அடுத்த சொல்லாகவே பகையை வைத்தார் பவணந்தி முனிவர். அவர் பெருந்துறையை அடுத்த சீனாபுரத்துக்காரர் என்பது கொங்கு நாட்டு வழக்கு. ஆக, நமக்குப் பக்கத்துக்காரர். கம்ப்யூட்டர் முன் உட்காராமலே இந்த வரிசையை அவர் கண்டுபிடித்தது எப்படி என்பது தனி ஆய்வுக்குரியது.

பகையின் மூலம் கேபிள். யு.எஸ்.பி. 2.0 கேபிளை அறுத்துப் பார்த்தால் பெரும்பாலும் உள்ளே நான்கு கம்பி: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் செய்திக்கு. பஸ் ஸ்டாண்டில் தொங்கும் மலிவுச் சரக்கு சிலவற்றில் பின்னிரண்டு இல்லை. பங்காளிச் சண்டை நடக்கும் வீட்டில் சோறு போடுவார்கள், பேச்சுக் கொடுக்க மாட்டார்களே, அதே நிலை. என் போன் சார்ஜ் ஏறியது. கம்ப்யூட்டர் திரும்பியும் பார்க்கவில்லை.

“ஏனுங்ணா, புளூடூத்துல உடுங்க” என்றான் தம்பி. அந்தப் பெயர், டென்மார்க்கையும் நார்வேயையும் ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த பத்தாம் நூற்றாண்டு மன்னர் ஹரால்டின் பட்டப்பெயர். இரண்டு நாட்டை இணைத்தவர் இரண்டடி மேசையில் திணறினார். யு.எஸ்.பி. 2.0 நொடிக்கு 480 மெகாபிட் வரை போகும் என்பது கணக்கு. மன்னர் மூன்றைத் தாண்டுவதே அரிது. ஷேர்இட், ஸெண்டர் என்று முன்பு வேகமான வழிகள் இருந்தன. 2020 ஜூன் 29 அன்று அரசு தடைசெய்த 59 செயலிகளில் இரண்டும் போயின.

மூன்றாவது வழி வாட்ஸாப். இங்கேதான் ஆய்வாளனுக்கு மெய்சிலிர்த்தது. இரண்டடி கடக்க வேண்டிய மயில், டவர் ஏறி, எந்த நாட்டிலோ இருக்கும் சர்வருக்குப் போய், கடல் தாண்டித் திரும்பி, மேசையின் மறுபக்கம் இறங்கியது. போய் வந்த களைப்பில் இளைத்தும் இருந்தது. நான்கு எம்.பி. போட்டோ சில நூறு கே.பி. ஆகிவிட்டது. திருப்பூரில் துணி ஐந்து சதவீதத்துக்கு மேல் சுருங்கினால் பையர் முகம் சுருங்கும். அதற்கென்றே காம்பாக்டிங் ஓட்டுகிறோம். போட்டோ பத்தில் ஒன்றாகச் சுருங்கினால் ஏனென்று கேட்க நாதியில்லை. தம்பி பெரிதாக்கிப் பார்த்தான். “பிக்சல் உடையுதுங்ணா. தோகை ஓரமெல்லாம் படிக்கட்டாட்ட இருக்குது.” டாக்குமெண்டாக அனுப்பினால் சுருங்காதாம். அனுப்பப் போனால் நெட் பேக் தீர்ந்திருந்தது.

ஒன்று முதல் ஏழு வரை வேற்றுமைகள் கைவிட்ட இடத்தில் எட்டாவது இருக்கிறது: விளி. இகர ஈற்றுப் பெயரைக் கூப்பிடும்போது கடைசி எழுத்து நீளும் என்பது தொல்காப்பிய விதி. அடுத்த ஆளுக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தவனை, விதி வழுவாமல், “தம்பீ!” என்று கூப்பிட்டேன்.

டிராயரின் அடியிலிருந்து தடித்த கறுப்புக் கேபிள் ஒன்று வந்தது. சொருகியதும் போன் மறுபடியும் ‘சார்ஜ் மட்டும்’ என்றது. புதிய ஆண்ட்ராய்டுகளின் சுபாவம் அது. மேலிருந்து திரையை இழுத்து ‘ஃபைல் டிரான்ஸ்பர்’ என்பதைத் தட்டும்வரை வாய் திறக்காது. திறந்த பிறகும் அந்தக் காலத்துப் போன் மாதிரி குடோன் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிடாது. கம்பெனி ஸ்டோர் கீப்பர் மாதிரி உள்ளேயே உட்கார்ந்துகொண்டு, கேட்டதை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும். அதற்கு எம்.டி.பி. என்று பெயர்.

பச்சையும் வெள்ளையும் வேலை செய்தன. மயில் நாலைந்து நொடியில் வந்து சேர்ந்தது.

“ஏத்தியாச்சுங்ணா” என்றான் தம்பி. கேபிளைக் கழற்றிப் போனைப் பார்த்தேன். மயில் அங்கேயும் நின்றது.