வானமா, வாடிப்பட்டியா?

சாட்டிலைட் மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறது. ரவுட்டரில் நெட் இல்லை. கோளாறு வானத்திலா, வாடிப்பட்டியிலா?
– வாசகர், வாடிப்பட்டி

வாடிப்பட்டியில்தான்! 35,786 கி.மீ. உயரத்திலிருந்து இறங்கி வந்த சிக்னல், மோடத்துக்கும் ரவுட்டருக்கும் நடுவிலுள்ள ஒரு முழ கேபிளில் நின்றுவிட்டது. கேபிள் ரவுட்டரின் 'வேன்' (WAN) துளையில்தான் இருக்கிறதா? இரண்டையும் அணைத்து, முதலில் மோடத்தைப் போடுங்கள். விளக்குகள் நிலைத்த பிறகு ரவுட்டர். இரண்டுக்கும் 192.168.0.1 என்று ஒரே முகவரி இருந்தால் மோதிக்கொள்ளும், ரவுட்டருடையதை மாற்றுங்கள்.

அப்படியும் நெட் வரவில்லையா? மின்சாரத்தையும் பாருங்கள். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராம மையங்களோடு நெடுந்தூர வைஃபையால் இணைத்த பெர்க்கிலி ஆய்வாளர்கள், 2008-ல் பெரிய தொல்லையாக எழுதியது சீரற்ற மின்சாரத்தை. உங்கள் வீட்டில் ஸ்டெபிலைசர் டிவிக்கு மட்டும்தானா?