இதர காரணங்கள்

எண்பதுகளில் நாங்கள் படித்த ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் மாணவர் நலனுக்கு என்று டீன் யாரும் இருந்ததாக நினைவில்லை. கல்லூரி தொடங்கியது 1955-இல். இருக்கும் மேடு அதைவிடப் பழசு. கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் கட்ட ஆரம்பித்த கல் பங்களா அங்கேதான். கலெக்டர் வீட்டு வாசலில் படிக்கிறோம் என்ற மிதப்பு எங்களுக்கு. எங்கள் நலனைப் பார்த்துக்கொண்டவர் கேட்டில் நின்ற அட்டெண்டர்.

கூடலூர் பஸ் நடுவட்டத்துக்கு மேலே பனியில் மாட்டிக்கொண்டால், வகுப்பு வகுப்பாக வந்து, "கூடலூர் வண்டி இன்னும் ஏறலைங்க சார்" என்பார். பேராசிரியர் அட்டெண்டன்ஸ் நோட்டை மூடிவிடுவார். 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் பிள்ளைகள் சிலர் எங்களோடு படித்தார்கள். அவர்களில் யார் ஃபீஸ் கட்டவில்லை என்பதும் அட்டெண்டருக்குத்தான் முதலில் தெரியும். யார் காதிலோ போடுவார், யாரோ கட்டிவிடுவார்கள்.

இப்போது நானே டீன். மலையில் வேறொரு கல்லூரி. இளநிலை மாணவர் நலன் என் பொறுப்பு. கதவில் பித்தளைப் பலகை. அதைப் பார்த்துவிட்டு மருந்துச் சீட்டோடு உள்ளே வந்தவர்களும் உண்டு. 2022-இல் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்ததிலிருந்து இங்கே டீன் என்றால் டாக்டர்தான்.

வருகைப் பதிவுக்குச் செயலி வந்துவிட்டது. ஏன் வரவில்லை என்று அது கேட்கும்: மருத்துவம், ஓ.டி., குடும்ப விசேஷம், இதர. பனிமூட்டம் இதர. ரோட்டில் மரம் விழுந்தால் இதர. யானை நின்றாலும் இதர. செமஸ்டர் முடிவில் 75 சதவீதம் எட்டாதவர்கள் பட்டியலை அதுவே எடுத்துத் தரும். பாதிப் பேர் கூடலூர், பந்தலூர். இவர்களை மனநல ஆலோசனைக்கு அனுப்பலாம் என்று யோசனையும் சொல்லும். ஆலோசனை தேவைப்படுவது பஸ்ஸுக்கு.

பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. விடுதிகளில் கதவு சாத்தியபின் நடப்பது ஊருக்கே தெரிந்தும் யாரும் வாய் திறக்காத காலம் அது. 1996-இல் சிதம்பரத்தில் மாணவர் நாவரசு கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டுக்கு 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009-இல் இமாச்சலில் மாணவர் அமன் கச்ரு ராகிங்கில் இறந்த பிறகு யுஜிசி விதிகள். அன்று முதல் மாணவரோடு பெற்றோரும் உறுதிமொழி தர வேண்டும்.

இந்த ஜூலையில் குந்தா பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். இலைக்கறை ஏறிய விரல்கள். பத்திரம் ஆங்கிலத்தில் இருந்ததால் நான் விளக்கினேன்: "உங்க பையன் யாரையும் ராகிங் பண்ணமாட்டான்னு நீங்க கையெழுத்துப் போடணும்மா."

"போடுறேங்க சார். அவனை யாரும் பண்ணமாட்டாங்கன்னு நீங்க எதுல போடுவீங்க?"

அதற்கு என்னிடம் பத்திரம் இல்லை. என் கைப்பேசி எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

அந்த எண்ணுக்குப் பையனிடமிருந்து வருவது ஒரே கேள்விதான், அதுவும் மழை இரவுகளில்: "சார், நாளைக்கு லீவா?" கலெக்டர்தான் சொல்லணும் என்று பதில் போடுவேன். காலையில் கலெக்டர் லீவு அறிவித்ததும் "தேங்க்யூ சார்" என்று எனக்கு வரும்.