கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஒரு பணிவான பட்டியல்

பாலிக் புலாவ் கல்லூரித் தம்பியின் கிறிஸ்துமஸ் பட்டியலில் பேராசை துளியும் இல்லை. ஒரு புது ஐபோன். பழையது இன்னும் ஓடுவது அவன் குற்றமா? ஒரு தடித்த கம்பளி ஜாக்கெட். டிசம்பரிலும் பினாங்கில் 30 பாகைதான், ஆனால் விரிவுரை மண்டபத்து ஏர்கோனை யார் நினைத்துப் பார்க்கிறார்கள்? எட்டு மணி வகுப்பைப் பத்துக்குத் தள்ளிவைக்க ஒரு சிறு அற்புதம். மலைப்பாதை வளைவுகளில் பஸ் திரும்பும்போது தூக்கம் கலைகிறதாம்.

வீட்டில் புகைபோக்கி கிடையாது. ஜாதிக்காய்த் தோட்டம் வழியாகக் கொல்லைப்புறம் வரலாம் என்று வழியும் எழுதியிருக்கிறான். மான்வண்டியை டுரியான் மரத்தடியில் மட்டும் நிறுத்த வேண்டாமாம். பெரியவர் தலைமீது எவ்வளவு அக்கறை!

கடைசியாக, உயர்கல்வி நிதியான பி.டி.பி.டி.என். கொடுத்த கல்விக் கடனையும் தாத்தாவே அடைத்துவிட வேண்டும். நியாயம்தானே? சம்பளச் சீட்டு கேட்காமல் கொடுப்பவர் உலகில் அவர் ஒருவர்தான்.

அடியில் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார்: "முதல் வகுப்பு வாங்குடா." 1997இல் தொடங்கிய அந்த நிதி, முதல் வகுப்பில் தேறும் தகுதியுள்ள பட்டதாரிகளுக்குக் கடனைத் தள்ளுபடி செய்கிறது.