லயத்து வாசலில் யாருக்கு உரிமை?

கேள்வி: நிலம் தோட்டத்துடையது என்றால், உள்ளே யார் வரலாம் என்று சொல்லும் உரிமையும் தோட்டத்துக்குத்தானே?

பதில்: உடைமையாளர் சம்மதமின்றி எவரும் உள்ளே நுழையக் கூடாது என்பது தன்னுரிமைவாதத்தின் ஆணிவேர். துரை பங்களாவுக்கும் தொழிற்சாலைக்கும் அது சரி. இலங்கையின் ஹட்டன், நுவரெலியாத் தேயிலைத் தோட்டங்களிலோ தொழிலாளர் குடியிருக்கும் லயமும் கோயிலும் பிள்ளைக் காம்பராவும் அதே எல்லைக்குள்தான். லயத்துக் காம்பராவில் கொழுந்து பறிக்கும் பெண்ணைச் சந்திக்க வந்த தொழிற்சங்கக்காரர், அவளே வாசலில் நின்று கூப்பிட்டாலும், சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவர் ஆனார். இது அநியாயம். குடியிருப்பவருக்கு விருந்தாளியை அழைக்கும் உரிமை இல்லையென்றால் அது வீடே அல்ல. தொழிற்சங்கப் பிரதிநிதிகள் தோட்டத்துக்குள் செல்ல 1970ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டம் வழிவிட்டது. ஒரு கம்பெனிக்கே சொந்தமான ஊரிலும் பேச்சுரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1946இல் தீர்ப்பளித்திருந்தது.

இன்னொன்று: தன்னுரிமைவாதியான ராபர்ட் நோசிக்கே 1974இல், நிலம் முதலில் கைக்கு வந்த விதம் நியாயமாக இருந்தால்தான் உடைமை செல்லும் என்றார். இலங்கையிலோ, காடும் தரிசும் மறுப்புச் சான்று இல்லாதவரை பிரிட்டிஷ் முடிக்குரியவை என்று அறிவித்தது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றின் மூலப் பத்திரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.