தலைவர் தரும் நிழல்

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. கத்திரி வெயிலைக் கடலில் நின்று வாங்கும் பாக்கியம் சின்ன ஃபைபர் படகுக்குத்தான். அதற்கு நிழல் வேண்டி நீலத் தார்ப்பாய், தென்னங்கீற்று என்று அலைகிறார்கள், பாவம். கட்சி பேனர் எதற்கு இருக்கிறது?

மாநாடு முடிந்த மறுநாள் விடியுமுன் போனால் இலவசம். தண்ணீர் இறங்காது. அகல முகத் தலைவராகப் பார்த்து எடுப்பது நல்லது. ஓரத்தில் வரிசைகட்டி நிற்கும் வட்டச் செயலாளர்களை நறுக்கிவிடலாம். அவர்களால் யாருக்கும் நிழல் கிடைத்ததாக வரலாறு இல்லை. கண்ணீர் அஞ்சலி பேனர் எவ்வளவு பெரிதானாலும் படகுக்கு ஆகாது.

வெள்ளைப் பக்கம் மேலே, முகம் கீழே இருக்கட்டும். சூடு குறையும். தலைவரும் நாள் முழுக்க மீனவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பார்; வேறெந்தத் திட்டத்தில் இது நடக்கும்? வலை இழுத்து நிமிர்ந்தால் அவர் தாடை மண்டையில் இடிக்கும். அதுவும் நேரடித் தொடர்புதான். காற்றில் புடைத்தால் பேனர் பாயாகிப் படகு திசைமாறும். தலைவர் திசைமாறுவது நமக்குப் புதிதா?

கூரையைக் கரையில் பார்த்த கட்சிக்காரர் ஒருவர் நெகிழ்ந்துபோய்ப் படம் எடுத்தார். மறுவாரம் சாலையோரம் இருபதடிப் பேனர்: ‘மீனவர்களுக்கு நிழற்கூரை வழங்கிய வள்ளலே!’

பக்கத்துப் படகுக்காரர் அதை அளவெடுத்துவிட்டு வந்திருக்கிறார்.