காற்றைக் குளிப்பாட்டிய கதை

ஸ்காபரோவில் வீடு வாங்கியவனைச் சொந்தக்காரர் மறக்கலாம். கலியாணவீட்டுக்குக் கார்டு வராமல் போகலாம். வீட்டின் காற்றுக் குழாய்களைக் கழுவுகிற டக்ட் கிளீனிங்காரர் மட்டும் மறக்கமாட்டார். சோற்றில் குழம்பை விட்டுக் குழைக்கிற நேரம் பார்த்துத் தொலைபேசி அடிக்கும். எங்கள் ஆட்கள் இன்றைக்கு உங்கள் பக்கத்தில்தான் நிற்கிறார்கள், முழு வீட்டுக்கும் 99 டொலர்தான் என்று ஆங்கிலத்தில் ஒரு குரல் உருகும்.

இந்த உபத்திரவத்துக்காகவே 2008 செப்டெம்பர் 30ஆம் திகதி கனடாவில் ஒரு பட்டியல் தொடங்கினார்கள். விற்பனை அழைப்பு வேண்டாம் என்பவர்கள் தங்கள் இலக்கத்தை அதில் பதிந்து வைக்கலாம். மேற்பார்க்கிற தொலைத்தொடர்பு ஆணையமான சி.ஆர்.ரி.சி., சொல் கேளாத டக்ட் கிளீனிங் நிறுவனங்களுக்கு அபராதமும் போட்டிருக்கிறது. நான் சட்டத்தை மதிக்கிற குடிமகன், பதிந்தேன். சட்டத்துக்குப் பயந்த வியாபாரிகள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். பயமில்லாதவர்கள் வேறு நாட்டில் இருந்துகொண்டு, பக்கத்துத் தெரு இலக்கம் மாதிரித் தெரிகிற பொய் இலக்கத்தில் எடுத்தார்கள். ஆக, நேர்மையான ஆட்களின் தொல்லை எனக்கு அடியோடு தீர்ந்தது.

அதற்கும் நான் அசையவில்லை. அசைந்தது மாமி.

பகலில் எங்கள் வீட்டில் தொலைபேசி எடுக்கிறவர் மனுசியின் தாயார்தான். மாமிக்கு ஆங்கிலத்தில் மூன்று சொல் தெரியும்: யெஸ், கம், தாங்க்யூ. டக்ட் கிளீனிங்குக்கு ஓடர் கொடுக்க நாலாவது சொல் தேவைப்படாது.

"தம்பி, நல்ல பெடியன் ஒருத்தன் கதைச்சவன். நாளைக்கு வாறானாம்."

"ஆர் மாமி? என்னத்துக்கு?"

"அது விளங்கேல்ல. ஆனா நல்ல மரியாதையான பெடியன்."

மனுசி விசாரித்து, விசயம் இதுதான் என்று கண்டுபிடித்தாள். கண்டுபிடித்தவள், வரட்டும் என்றும் சொல்லிவிட்டாள். பனிக்காலம் தொடங்கினால் மாமிக்கு விடிய எழும்பியதும் தும்மல். தும்மலுக்குக் காரணம் இந்த வீடு, வீட்டுக்குக் காரணம் நான். இதில் வாதாட ஒன்றுமில்லை.

எங்கள் வீட்டுக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஊரில் காற்று யன்னலால் வந்து கதவால் போகும், போனது திரும்பி வராது. இங்கே நவம்பரில் யன்னலைச் சாத்தினால் திறக்க ஏப்ரல் ஆகும். பேஸ்மென்டில் நிற்கிற ஃபேர்னஸ் காற்றைச் சூடாக்கித் தகரக் குழாய்களால், வென்ட் என்கிற துவாரங்கள் வழியே, அறை அறையாக அனுப்பும். அறையில் ஆறிய காற்றை ரிட்டேர்ன் என்கிற வேறு குழாய்களால் திரும்ப இழுத்து மறுபடியும் சூடாக்கும். கதவு யன்னல் இடுக்குகள் வழியே வெளிக்காற்று கொஞ்சம் உள்ளே வருவது உண்மைதான். ஆனாலும் ஒரே காற்றைத்தான் குடும்பம் முழுக்கப் பனிக்காலம் முழுக்கச் சுவாசிக்கிறது.

குடும்பம் என்றால் எங்கள் குடும்பம் மட்டுமில்லை. பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அவர்களுக்கும் எங்களுக்கும் ஃபேர்னஸ் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை மேலே நாங்கள் சைவம். கீழே அவர்கள் மீன் பொரிப்பார்கள். பொரியலின் வாசம் ரிட்டேர்ன் குழாயால் ஏறி ஃபேர்னஸில் சூடாகி, நேரே மாமியின் அறையில் பதமாக வந்து இறங்கும். பதிலுக்கு எங்கள் சாம்பிராணி கீழே போகும். சாமி அறையை ரிட்டேர்ன் வென்டுக்கு நேர்கீழே வைத்தது என்னுடைய வடிவமைப்பு. முருகனுக்குக் காட்டுகிற தூபம் அவருக்கு ஒரு நொடிதான் கிடைக்கும், மற்றதை வென்ட் இழுத்துக்கொண்டு போய்க் குளியலறை வரைக்கும் பிரசாதமாகக் கொடுத்துவிடும்.

குழாய் கதையையும் கொண்டுவரும். கராஜுக்குப் பக்கத்தில் இருக்கிற என் சின்ன அலுவலக அறையின் வென்டில் காதை வைத்தால், குசினியில் மனுசியும் மாமியும் என்னைப் பற்றி என்ன முடிவு எடுக்கிறார்கள் என்று வடிவாகக் கேட்கும். டக்ட் கிளீனிங்கை இவ்வளவு காலம் நான் தள்ளிப்போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். தூசி போனால் சத்தமும் போய்விடுமோ என்ற பயம்.

அடுத்த நாள் நல்ல பெடியன் வந்தான். அவன் ஓட்டிவந்த வானில் பெயர் எழுதியிருக்கவில்லை. கையில் கொண்டுவந்த இயந்திரம், கராஜ் கூட்ட நான் வைத்திருக்கிற வக்கியூமுக்குத் தம்பி முறை. முதல் வென்டைக் கழற்றி ஒரு நீட்டு நீட்டினான், வெளியே எடுத்தான், முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டான். பிறகு தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். குழாய்க்குள் கன்னங்கரேலென்று பூஞ்சணம் மயிர் முளைத்து நின்றது.

எங்கள் வீட்டுக் கிளைக் குழாய்கள் எல்லாம் உருண்டை, ஆறு அங்குலம் அகலம். படத்தில் இருந்தது சதுரம். கவனித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்தவனை நேருக்கு நேர் பொய்யன் என்று சொல்லுவது எங்கள் வளர்ப்பில் இல்லை. தேத்தண்ணி கொடுத்தோம்.

தேத்தண்ணியோடு விலை ஏறியது. 99 டொலர் கிளைக் குழாய்க்கு மட்டும்தானாம். பெரிய குழாய் வேறு, ரிட்டேர்ன் வேறு, ஃபேர்னஸ் வேறு, எல்லாவற்றுக்கும் மேலே கிருமிநாசினி அடிக்கிறது வேறு. கூட்டிப் பார்த்தால் அறுநூறைத் தாண்டியது. இது அடிக்காவிட்டால் லீஜனேர்ஸ் நோய் வரும் என்றான். பல்கலைக்கழகத்தில் படிக்கிற மகனைத் தொலைபேசியில் பிடித்தேன். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் மாநாட்டுக்குப் போன ஆட்களைப் பிடித்த நியூமோனியா அது, கிருமி வாழ்வது தண்ணீரில், பெரிய கட்டடங்களின் குளிரூட்டும் கோபுரங்கள் மாதிரி இடங்களில்தான் ஆபத்து, "எங்கட காய்ஞ்ச தகரத்துக்குள்ள என்னப்பா செய்யும்?" என்றான். நான் மகன் சொன்னதை ஆங்கிலத்தில் எடுத்து விட்டேன். பெடியன் அசரவில்லை. உடனே ஐம்பது டொலர் குறைத்தான்.

அந்த இடத்தில் என் அறிவு வேலை செய்வதை நிறுத்தியது, இரத்தம் வேலை செய்யத் தொடங்கியது. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசிய பரம்பரை. ஒருவன் விலை குறைக்கத் தொடங்கினால், பொருள் வேண்டுமா வேண்டாமா என்று யோசிக்கிறது எங்களுக்கு அவமானம். முக்கால் மணித்தியாலம் பேசி, ஏறக்குறைய பாதி விலைக்குக் கொண்டுவந்து, கிருமிநாசினியை இலவசமாகவும் வாங்கினேன். பெடியன் போன பிறகு வீடு முழுக்க எலுமிச்சை மணத்தது. மாமிக்குத் தும்மல் விடியலோடு நிற்காமல் மத்தியானத்துக்கும் நீண்டது.

இலவசமாக வாங்கியது என்ன என்று பிறகுதான் வாசித்தேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கென்றே ஒரு கைநூல் வைத்திருக்கிறது. டக்டைக் கழுவுவதால் வருத்தம் தடுக்கப்படும் என்று இதுவரை நிரூபணமாகவில்லை என்று அதில் பச்சையாக எழுதியிருக்கிறார்கள். குழாய்க்குள் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரிந்தால், எலியோ பூச்சியோ குடியிருந்தால், அடைபட்டுப்போய்த் தூசி அறைக்குள் கொட்டினால் செய்யுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள். உள்ளே கண்ணாடி நார் ஒட்டிய குழாய்களுக்கு அடிக்கவென்று எந்தக் கிருமிநாசினியும் அவர்களிடம் பதிவாகவில்லை. கனடாவின் வீடமைப்புக் கூட்டுத்தாபனமும் ஆய்வு செய்து பார்த்து, வழமையாக இந்த வேலையால் காற்றின் தரமும் மாறாது, சூடாக்கும் செலவும் குறையாது என்று சொன்னது.

அப்படியானால் தும்மல் எங்கேயிருந்து? இந்தக் கேள்விக்காக நுண்துகள் அளக்கிற சின்னக் கருவி ஒன்று வாங்கினேன். 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை ரொறன்ரோவை மூடியபோது கனபேர் வாங்கிய சாமான் அது. கழுத்தில் ஸ்டெதஸ்கோப் இல்லாத குறைதான், அறை அறையாக வைத்தியர் மாதிரித் திரிந்தேன். வென்டுக்கு முன்னால் வைத்தேன், பச்சை. கட்டிலுக்குக் கீழே வைத்தேன், பச்சை. மனுசி வடை போட்டாள், சிவப்பு. சாம்பிராணி காட்டினார்கள், சிவப்பு. மாமி தூளுக்கு மிளகாய் வறுத்த அன்றைக்கு, இலக்கங்கள் போகிற வேகத்தைப் பார்த்து, கருவியைத் துவாயில் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன். காசு கொடுத்து வாங்கினது.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அதை யாருக்குச் சொல்லுவது? குசினிப் புகையை வெளியே தள்ளுகிற விசிறியைப் போடுங்கோ என்று மாமியிடம் சொல்லிப் பார்த்தேன். "அது சத்தம் தம்பி, நாடகம் கேக்காது" என்றார். சாம்பிராணியைக் குறைக்கலாம் என்றேன். அன்றைக்கு இரவு அலுவலக அறை வென்டில் காது வைக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. நேரடியாகவே கேட்டது.

சரி, என்னால் முடிந்ததைச் செய்வோம் என்று ஃபேர்னஸுக்கு மேர்வ் 13 தரத்து ஃபில்டர் வாங்கிப் போட்டேன். மேர்வ் என்பது ஃபில்டரின் பிடிப்பைச் சொல்லுகிற எண். கூடினால் நுண்ணிய துகளையும் பிடிக்கும், பொதுவாக விசிறிக்கு மூச்சும் முட்டும். எங்கள் ஃபேர்னஸ் எனக்குக் கொஞ்சம்தான் இளையது. படியேறுகிற என்னை மாதிரியே இரையத் தொடங்கியது. எட்டுக்கு இறங்கி வந்தேன். பழைய ஃபில்டரைக் கழற்றியபோது அதில் கம்பளி மாதிரி ஒரு படை. எப்போது மாற்றினது என்று மனுசி கேட்டாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது என்று விதியைச் சொன்னேனே தவிர, திகதிக்குள் போகவில்லை.

ஒன்றை இங்கே சொல்லாமல் விட மனமில்லை. பேஸ்மென்ட் உள்ள வீட்டில் உண்மையாகவே பயப்பட வேண்டியது ரேடன். மண்ணுக்குள் இருந்து கசிகிற கதிர்வீச்சு வாயு. நிறம் மணம் ஒன்றுமில்லை. நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த காரணம். கனடாவில் ஒரு கனமீற்றருக்கு 200 பெக்கரலுக்கு மேலே போனால் திருத்தவேண்டும் என்பது வழிகாட்டல். ஒரு சின்னப் பெட்டியை வாங்கி மூன்று மாதம் வைத்தால் அளவு தெரிந்துவிடும். இவ்வளவு வருசத்தில் இதைப் பற்றி ஒருவனாவது சோற்று நேரத்தில் தொலைபேசி எடுத்தானா? ரேடனுக்குக் காட்டப் படம் இல்லை. படம் இல்லாத வருத்தத்துக்கு வியாபாரமும் இல்லை.

இப்படி நான் வாசித்ததையெல்லாம் மனுசிக்கு விளக்கினேன். முக்கியமாக, அந்த அமெரிக்கக் கைநூலில் இருந்த ஒரு விசயம்: குழாய்க்குள் போன ஊத்தை பெரும்பாலும் சுவரில் ஒட்டியபடியே கிடக்கும், அறைக்குத் திரும்பி வரும் என்றில்லை. ஆகவே கழுவத் தேவையில்லை என்று முடித்தேன்.

மனுசி கனநேரம் யோசித்தாள்.

"அப்ப உள்ளுக்க விழுந்தது விழுந்தபடியே கிடக்குமோ?"

"ஓம்."

"எவ்வளவு காலமெண்டாலும்?"

அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மகனின் பிறந்தநாளுக்கு ஏஜக்ஸில் இருக்கிற என் தங்கச்சி வந்து எங்கள் வீட்டில் தங்கிய அன்றைக்குத்தான் மனுசியின் கல்லுத்தோடு ஒன்று காணாமல்போனது. அதற்குப் பிறகு இரண்டு குடும்பமும் செத்தவீட்டில் மட்டும் கதைக்கிற உறவு. தங்கச்சி படுத்த அறையில் கட்டிலுக்குப் பக்கத்தில், நிலத்தில், ஒரு வென்ட் இருந்தது.

"நல்ல கொம்பனியாப் பாருங்கோ" என்றாள் மனுசி.

பார்த்தேன். இந்தத் தொழிலுக்கு 1989இல் தொடங்கிய நாட்கா என்றொரு சங்கம் இருக்கிறது, அதன் அங்கத்தவர்கள் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர்கள் என்றார்கள். ஒழுங்கான வேலைக்கு ஒழுங்கான விலை. பேரத்துக்கு வாய் திறந்தேன், அந்த மனிசன் பேனையை மூடினான். வாயை மூடினேன்.

பெரிய லொறி வந்து வாசலில் நின்றது. யானைத் தும்பிக்கை மொத்தத்தில் ஒரு குழாயை உள்ளே இழுத்துவந்து, ஃபேர்னஸுக்குப் பக்கத்துப் பெரிய தகரத்தில் வட்டமாக வெட்டிப் பொருத்தினார்கள். எல்லா வென்டையும் மூடி, லொறி உறிஞ்சத் தொடங்க, வீட்டுக் குழாய் முழுக்க உள்வாங்கி நின்றது. பிறகு ஒவ்வொரு வென்டாகத் திறந்து, அழுத்தக் காற்று அடிக்கிற சாட்டைகளை விட்டுத் தூசியை லொறிப் பக்கம் துரத்தினார்கள். பார்க்க உண்மையாகவே நன்றாக இருந்தது. முதல் வந்தவன் செய்தது இந்த வேலைக்கு ஒத்திகைகூட இல்லை.

உறிஞ்சுவதற்கு முதல், ஒவ்வொரு வென்டுக்குள்ளும் கையைவிட்டுப் பெரிய குப்பையை வாளியில் போடச் சொல்லி மனுசி கட்டளை போட்டிருந்தாள். வாளியைத் தானே வாங்கி, கராஜில் குந்தியிருந்து, மா அரிக்கிற அரிதட்டில் போட்டு அரித்தாள். வீடு கட்டினவர்கள் கூட்டித் தள்ளிய சுவர்த் துண்டுகள், ஆணி, மரத்தூள், நசிந்த சோடாக் கான் ஒன்று. மகனின் செஸ் குதிரை. பேனை மூடிகள். மாமியின் அறை வாளியில் மட்டும் வெள்ளையும் மஞ்சளுமாகக் குளிசைகள், ஒரு சின்னப் பார்மசி அளவுக்கு. மாமிக்குக் குடுக்கிற சீனி வருத்தக் குளிசை, பிரசர்க் குளிசை எல்லாம் அதில் இருந்தன. மனுசி நிமிர்ந்து பார்த்தாள். மாமி முருகனுக்கு விளக்கு வைக்க நேரமாச்சு என்று எழும்பிப் போனார். பகல் பதினொரு மணி.

கடைசியாகத் தங்கச்சி படுத்த அறை. அரிதட்டில் ஏதோ மினுங்கியது. மனுசி விரலால் எடுத்து ஊதி வெளிச்சத்தில் பிடித்தாள். தோட்டின் சுரை. திருகாணிச் சுரை மட்டும். தூசியை மறுபடி அரித்தாள், லொறிக்காரனைக் கெஞ்சி இன்னொருமுறை கைவிடச் சொன்னாள். தோடு இல்லை.

"பாத்தியளோ," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. "என்ர தங்கச்சி எடுக்கேல்ல எண்டு இப்ப விளங்குதோ? கழண்டு விழுந்திருக்கு."

"சுரை விழுந்திருக்கு," என்றாள். "தோடு விழேல்ல. சுரை கழண்ட தோட்டை ஆரோ நிலத்தில இருந்து எடுத்திருக்கினம்." சுரையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டாள். பிறகு லொறிக்காரனைக் காட்டி, "உந்த மனிசன் ஏஜக்ஸுக்கும் போவானோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ."